அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு வயது 68. சோமனூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். வீட்டில் டிவி போட்டால் தெருமுனை வரை கேட்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் சொன்னது புரிவதில்லை. ஆறு வயதுப் பேரன் பேசுவது அறவே பிடிபடுவதில்லை. ஒரு காது மெஷின் கடையில் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். ஆன்லைனில் 1,999 ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. அப்பாவோ, "எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் முனகுகிறீர்கள்" என்கிறார். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஈரோட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவன். என்னிடம் வருபவர்களில் நான்கில் ஒருவராவது தறிச்சத்தத்தில் வாழ்ந்தவர். அதனால் உங்கள் அப்பாவைப் பார்க்காமலேயே ஓரளவு தெரியும். முதலில் ஒன்று: அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு நீங்கள் உண்மையாகவே முனகுகிறீர்கள்.

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் பதினைந்தாயிரம் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் இருப்பவை உயர்ந்த சுருதி ஒலிகளையும், மறுமுனையில் இருப்பவை தாழ்ந்த சுருதி ஒலிகளையும் வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. வயதும் இரைச்சலும் உயர்சுருதிப் பகுதியைத்தான் முதலில் அரிக்கும். செத்த மயிரணு மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் தொண்ணூறு டெசிபலைத் தாண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம், காதடைப்பான் இல்லாமல், முப்பது ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி தமிழுக்கு வருவோம். நம் பேச்சில் அ, ஆ, உ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில், நல்ல பலத்தோடு வருகின்றன. ச, த, க, ப போன்ற மெய்கள் மெலிந்தவை. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்சுருதியில்தான் இருக்கிறது. "சட்டை எங்கே?" என்று நீங்கள் கேட்டால் அவர் காதில் விழுவது "...ட்டை எங்கே?". அது சட்டையா, கட்டையா, பட்டையா, தட்டையா என்பதை அவர் ஊகிக்க வேண்டும். பேச்சு நடப்பது அவருக்குத் தெரிகிறது, சொல் தெரியவில்லை. "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று ஒருவர் சொன்னால், பரிசோதனைக்கு முன்பே நான் உயர்சுருதி இழப்பு என்று மனதுக்குள் எழுதிக்கொள்வேன். சின்னக் குழந்தையின் குரலே உயர்ந்த சுருதி, அதிலும் வேகம் அதிகம், உச்சரிப்பும் இன்னும் திருந்தாதது. பேரன் பேச்சு முதலில் தொலைவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் உங்கள் வீட்டில் நடந்திருக்கும். "கொஞ்சம் சத்தமாகச் சொல்" என்பார். நீங்கள் குரலை உயர்த்தியதும், "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று சீறுவார். முரண்டு என்று நினைத்துவிடாதீர்கள். மயிரணு கெட்ட காதில், கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே உள்ள வெளி குறுகிவிடுகிறது. மெல்லிய ஒலி எட்டாது. பலத்த ஒலி நமக்கு இடிப்பது போலவே அவருக்கும் இடிக்கும். இதை நினைவில் வையுங்கள், அந்த 1,999 ரூபாய் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

தறிக்காரர்களுக்கு இன்னொரு திறமை உண்டு. கூடத்தின் இரைச்சலில் எதிர்த்தறியில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அதனால் காது பாதி போன பிறகும் பல ஆண்டுகள் சமாளித்துவிடுவார்கள், வீட்டாருக்கே தெரியாது. 2020-இல் ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டபோது, "திடீரென்று காது கேட்கவில்லை" என்று என்னிடம் வந்தவர்கள் பலர். காது திடீரென்று போகவில்லை, உதடுகள் மறைந்துவிட்டன, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? கடைக்குப் போவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவே போதும். எல்லாக் காது மந்தத்துக்கும் மெஷின் தேவைப்படாது. சிலருக்கு இறுகிப்போன காதுக்குறும்பியை எடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர், நடுக்காதின் அங்கவடி என்ற சின்ன எலும்பு இறுகிப்போவது ஆகியவற்றுக்கு மருந்தோ அறுவைச் சிகிச்சையோ உண்டு. கோழி இறகு, ஊக்கு, வண்டிச் சாவி ஆகியவற்றால் காது குடைகிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியமும் வேண்டாம். ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாக அது உள்ளே போனால் சீழ்தான்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் அவசரம் காட்டுங்கள். காலையில் எழும்போது ஒரு காது அடைத்ததுபோல் இருக்கிறது, அந்தப் பக்கம் போன் வைத்தால் கேட்கவில்லை என்றால், அது சளி இறங்கிய அடைப்பு என்று காத்திருக்கக் கூடாது. திடீர் நரம்புவகைக் கேள்வியிழப்பாக, அதாவது உட்காதோ நரம்போ கெட்டுக் காது கேட்காமல் போவதாக இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மீட்க வாய்ப்பு உண்டு. என்னிடம் வந்த ஒருவர், கல்யாண வேலை முடியட்டும் என்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டவர். அதன் பிறகு என்னால் அவருக்கு மெஷின் மட்டுமே கொடுக்க முடிந்தது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், ஒரு காதில் மட்டும் மந்தம், கூடவே தலைசுற்றல், காதில் சீழ் ஆகியவையும் மருத்துவர் பார்க்காமல் விடக் கூடாதவை. அப்பா உட்கொண்ட மருந்துகளையும் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் உட்காதைக் கெடுக்கக் கூடியவை.

அடுத்து ஆடியோமெட்ரி. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு காதிலும் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கொடுத்து, மிக மெல்லியதாக எது கேட்கிறது என்று குறிப்பார்கள். காதின் பின்எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்தும் பார்ப்பார்கள். சிக்கல் வெளிக்காது, நடுக்காதிலா, உட்காதிலா என்பது அதில்தான் பிரியும். முடிவு ஒரு வரைபடமாக வரும்: இடப்பக்கம் தாழ்ந்த சுருதி, வலப்பக்கம் உயர்ந்த சுருதி, கீழே போகப் போக இழப்பு அதிகம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு இடமிருந்து வலமாகப் போகப் போகக் கீழே சரிந்தால் அதுதான் நான் மேலே சொன்ன உயர்சுருதி இழப்பு. இரைச்சலால் கெட்ட காதில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். வயதும் சேரச் சேர அந்தப் பள்ளத்தின் வலது கரையும் இடிந்து ஒரே சரிவாகிவிடும். பேச்சுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், அதுவும் தமிழ்ச் சொற்களில். சத்தத்தை வேண்டிய அளவு கூட்டிய பிறகு பத்தில் எத்தனை சொல் சரியாகச் சொல்கிறார் என்பதுதான் மெஷின் எவ்வளவு உதவும் என்பதற்கு நல்ல அறிகுறி. எட்டு, ஒன்பது என்றால் மகிழ்ச்சி. மூன்று, நான்கு என்றால், எந்த விலை மெஷினானாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதோடு இழப்பும் மிகக் கடுமையாக இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவைச் சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் கருவி பற்றிப் பேச வேண்டிவரும்.

வரைபடத்தின் நகலைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அது உங்கள் அப்பாவின் சொத்து. "இலவசப் பரிசோதனை" செய்யும் சில கடைகளில் நகல் கேட்டால் முகம் சுளிப்பார்கள், நீங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள் என்ற பயம். பரிசோதிப்பவர் யார் என்றும் கேளுங்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. (காது, பேச்சு சார்ந்த பட்டப்படிப்பு) அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பும், இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், என்னிடம் கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுவேன்.

இப்போது அந்த 1,999 ரூபாய். அது காது மெஷின் இல்லை, ஒலிபெருக்கி. தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தூக்கிக் கொடுக்கும். உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படாத பேருந்து உறுமலும் மின்விசிறி இரைச்சலும் இன்னும் பெரிதாகும், தேவையான "ச" அதற்குள் மூழ்கும். குக்கர் விசிலடித்தால் அதையும் பெருக்கி, ஏற்கெனவே குறுகிப்போன அவருடைய தாங்கும் எல்லையில் கொண்டு போய் மோதும். ஒரு வாரத்தில் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு, "காது மெஷின் எல்லாம் ஏமாற்று" என்ற முடிவுக்கு வந்துவிடுவார். அந்த முடிவை மாற்ற எனக்குச் சில சமயம் மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

உண்மையான டிஜிட்டல் மெஷின் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, வரைபடத்தில் எங்கே எவ்வளவு பள்ளமோ அங்கே அவ்வளவு மட்டும் நிரப்பும். மெல்லிய ஒலியை அதிகம் தூக்கும், பலத்த ஒலியைக் கிட்டத்தட்டத் தொடாமல் விடும். இந்த அடிப்படை வேலையை நல்ல நிறுவனத்தின் தொடக்க நிலை மெஷினே செய்துவிடும். விலை ஏற ஏறக் கிடைப்பவை வேறு: கூட்டத்தில் எதிரே இருப்பவர் குரலைப் பிரித்தெடுக்கும் திறன், காற்றிரைச்சலைக் குறைப்பது, போனோடு புளூடூத் இணைப்பு, சார்ஜ் செய்யும் வசதி. தினமும் கூட்டங்களில் உட்கார்கிற வக்கீலுக்கு அது தேவைப்படலாம். வீடு, டீக்கடை, கோயில், பேரன் என்று இருக்கிற உங்கள் அப்பாவுக்கு நடுத்தர விலையிலேயே நிற்கலாம். நான்கு சானலா, இருபது சானலா (ஒலியைப் பிரிக்கும் பட்டைகளின் எண்ணிக்கை) என்று விற்பனையாளர் அடுக்கும் எண்களில் மயங்க வேண்டாம். பணம் ஒரு விலையுயர்ந்த மெஷினுக்குத்தான் போதும் என்றால், அந்தத் தொகைக்கு இரண்டு காதுக்கும் எளிய மெஷின் வாங்குங்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. இரைச்சலில் பேச்சைப் பிரிப்பதற்கும் இரண்டு காது வேண்டும்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காதுக்குள் மறைந்துவிடும் சின்ன மெஷினைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நம் ஊர் வியர்வைக்கும் காதுக்குறும்பிக்கும் அது சீக்கிரம் பழுதாகும். வயதான விரல்களுக்கு அதன் பேட்டரி அகப்படாது. காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் ஒலியைக் கொண்டுபோகும் வகை இவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்பவருக்கு காதை முழுக்க அடைக்காத, துளையுள்ள ரப்பர் முனை போதும். அடைத்தால் அவர் குரல் அவருக்கே அண்டாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

நான் எழுத உட்கார்ந்ததே இனி வரும் பகுதிக்காகத்தான். மெஷின் பெட்டியிலிருந்து வரும்போது ஊமை. கணினியில் இணைத்து, அப்பாவின் வரைபடத்தை ஏற்றி, எந்தச் சுருதியை எவ்வளவு தூக்குவது என்று ஒருவர் நிர்ணயிக்க வேண்டும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் தோராயமான ஓர் அமைப்பு வந்து உட்காரும். பல இடங்களில் வேலை அத்தோடு முடிகிறது. பத்து நிமிடம், பில், டீ, வணக்கம். அந்த அமைப்பு ஒரு சராசரிக் காதுக்கானது. உங்கள் அப்பாவின் காதுக்குழாய் அகலமா, குறுகலா என்று அதற்குத் தெரியாது. அவர் காதுக்குள் மெல்லிய குழாய் நுழைத்து, மெஷின் போட்டிருக்கும்போது செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. ரியல் இயர் மெஷர்மென்ட் என்போம். "அந்தக் கருவி இங்கே இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மெஷின் போட்டும் போடாமலும் பேச்சுப் பரிசோதனை செய்து வித்தியாசத்தையாவது காட்டச் சொல்லுங்கள். இரண்டும் செய்யாத இடத்தில் நான் என் சொந்த அப்பாவுக்கு வாங்க மாட்டேன். முப்பதாயிரம் ரூபாய் மெஷினைப் பொறுமையாகச் சரிசெய்து கொடுக்கும் ஒருவர், லட்ச ரூபாய் மெஷினைப் பொத்தான் தட்டிக் கொடுப்பவரைவிட மேல்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இன்னும் சில. முடிவெடுக்கும் முன் ஒரு வாரமாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா? எத்தனை முறை வந்து திருத்திக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணமா? இதே மெஷினை வேறு ஊர் ஆடியாலஜிஸ்டும் திருத்த முடியுமா, அல்லது தங்கள் கிளைகளில் மட்டும் திறக்கும்படி பூட்டியிருக்கிறார்களா? பூட்டிய மெஷினோடு என்னிடம் வந்து திரும்பிப் போனவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; பில்லில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு மிரட்டலுக்கும் தயாராக இருங்கள். "இன்று மெஷின் போடாவிட்டால் நாளை மறதி நோய் வரும்" என்று சிலர் விற்பார்கள். கேள்வியிழப்புக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஆனால் 2023-இல் வெளியான அமெரிக்காவின் அச்சீவ் ஆய்வில், மெஷின் போட்டவர்களை மொத்தமாகப் பார்த்தால் மூன்று ஆண்டுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள குழுவில் மட்டும் அறிவாற்றல் சரிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. மெஷின் போட நல்ல காரணம் வீட்டிலேயே இருக்கிறது, பயம் காட்டி விற்க வேண்டியதில்லை.

அரசு உதவி பற்றி: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால்தான் கேள்விக் குறைபாடு உடையவர் என்ற கணக்கில் வருவார். அப்படி வந்தால் அடையாள அட்டை பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் அப்பாவின் இழப்பு நாற்பது, ஐம்பது டெசிபலில் நின்றால் அந்த வழி அடைபடும். குறைந்த வருமானமுள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களில் காது மெஷினும் தருகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் முகாம் தேதி விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும், அப்பாவின் வரைபடத்துக்கேற்ப அமைத்துத் தரக் கேளுங்கள். அமைக்காத மெஷினும் ஒலிபெருக்கிதான்.

இனி அப்பாவைச் சம்மதிக்க வைப்பது. "உங்களுக்குக் காது கேட்கவில்லை" என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியத்துக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. "சர்க்கரை, கண் எல்லாம் பார்த்துவிட்டோம், காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்றால் வருவார். வரைபடத்தைக் காட்டி, "சத்தம் கேட்கிறது, சில எழுத்துகள்தான் விழவில்லை" என்று நான் சொல்லும்போது பல பெரியவர்கள் நிம்மதியடைவதைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குப் புத்தி மங்குகிறதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

மெஷின் போட்ட முதல் வாரம் அவருக்குச் சோதனை. பேப்பர் புரட்டும் சத்தம், செருப்பு தேயும் சத்தம், கரண்டி வாணலியில் உரசும் சத்தம் எல்லாம் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும், எரிச்சலாக வரும். மூளை இவற்றை ஒதுக்கிவைக்கப் பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் வீட்டில், ஒருவரோடு மட்டும், இரண்டு மணி நேரம். பிறகு டிவி, பிறகு தெரு. கல்யாண மண்டபம் கடைசியில். முதல் நாளே மண்டபத்துக்குக் கூட்டிப் போய், மெஷின் மீதே வெறுப்பு வரவைத்தவர்கள் ஏராளம். முதுகுக்குப் பின்னால் நின்று "இது கேட்கிறதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, சற்று நிதானமாகப் பேசுங்கள், கத்த வேண்டாம். அவருக்கு உதடு படிக்கத் தெரியும், அதைப் பயன்படுத்த விடுங்கள். சமையலறையிலிருந்து கூவுவதை நீங்களும் விட வேண்டும்.

பராமரிப்பு எளிது. இரவில் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் வையுங்கள். பேட்டரி ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்று பட வைத்துவிட்டுப் போடுங்கள். விசிலடித்தால் பெரும்பாலும் முனை சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். நாய்க்கு அந்த ஒலியும் மணமும் பிடித்துப்போய் மென்று விழுங்கிய கதை என்னிடம் ஐந்தாறு உண்டு. பொத்தான் பேட்டரியைப் பேரன் கையில் சிக்கவும் விடாதீர்கள்; விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மெஷினை அமைக்கப் போகும் நாளில் அந்தப் பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடியாலஜிஸ்ட் எல்லாம் முடிந்தது என்றதும், எதிர் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததைத் தாத்தாவிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பாவுக்கு எந்தச் சொல் தவறியது என்று குறித்துக்கொண்டு, அங்கேயே, அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.